இல்லை என்றாலும் சொல்லுங்கள்

ஆதம்பாவாவின் மூத்த மகள் முஸ்பிறா வாய் மூடி இருந்ததை மருதமுனையில் யாரும் கண்டதில்லை. பிறந்த அன்றைக்கு அவள் அழுத அழுகையில் பக்கத்து வளவுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்களாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அல்லாஹ் ஒருவருக்கு இப்படி ஒரு வாயைக் கொடுத்தால் காரணம் இல்லாமல் கொடுக்க மாட்டான். மறுக்கிறவர்கள் முஸ்பிறாவின் கதையைக் கேட்டு முடித்த பிறகு மறுக்கட்டும்.

ஆதம்பாவா வேளாண்மைக்காரர். அவருக்கு இடது காது அறவே கேட்காது. வலது காது வாடைக் காற்றடித்தால் கேட்காது. இப்படிப்பட்ட மனிதர் போனில் என்னத்தைப் பேசுவது? அதனால் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே முஸ்பிறா வாப்பாவின் போனாகிவிட்டாள். சொறிக்கல்முனைக்கு அந்தப் பக்கம் இருந்த வயலுக்கு உழவு மெசின் பிடிப்பது அவள். விதைநெல்லுக்குச் சொல்லி வைப்பது அவள். வெட்டு மெசின்காரன் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று போக்குக் காட்டினால் அவனை விடாமல் துரத்துவதும் அவள்தான். எதிர்ப்பக்கத்து ஆள் ஏசினால் ஏசி முடியும்வரை காத்திருப்பாள். பிறகு, "சரி காக்கா, எப்ப வாறீங்க?" என்று சொந்த அண்ணனிடம் கேட்பதுபோல விட்ட இடத்தில் இருந்து பிடிப்பாள்.

ஒரு சிறுபோகத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வரவே இல்லை. பயிர் மஞ்சளாகிக் கருகத் தொடங்கிவிட்டது. தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையார் போனை எடுக்கவில்லை. முஸ்பிறா போய் மருதமுனைச் சந்தியில் நின்று, அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த அவரை நடுத்தெருவில் மறித்தாள். அவர் போனை எடுத்து வாய்க்காலைத் திறக்கச் சொல்லும்வரை நகரவில்லை. சந்தியில் இருந்த தன்னுடைய இரும்புச் சாமான் கடை வாசலில் இருந்து அதைப் பார்த்த கலந்தர் ஹாஜியார், பிறகு அவளுடைய வாப்பாவைக் கண்டபோது, "ஆதம்பாவா, உனக்குப் பொடியன் இல்லையே எண்டு கவலைப்படாத. இவள் ஒருத்தியே உனக்குக் காணும்" என்றார்.

இந்தக் கலந்தர் ஹாஜியாரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முஸ்பிறா படித்தாள். ஒலுவில் கம்பஸுக்குப் பஸ்ஸில் போய் வந்து முகாமைத்துவத்தில் பட்டமும் எடுத்தாள். அந்தப் பட்டத்தைப் பார்க்க வாப்பா இருக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்தவரைக் கல்முனைக்குக் கொண்டுபோவதற்குள் மௌத்தாகிவிட்டார். வயல் குத்தகைக்குப் போனது. வீட்டில் மிஞ்சியது மூன்று பெண்கள்: உம்மா சுபைறா, முஸ்பிறா, உயர்தரம் படிக்கிற தங்கை அப்ரா. உம்மா விடியக்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தா. முழங்கால் வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவா. கேட்டால், "வாழைப்பழத் தோலில வழுக்கின" என்பா. வீட்டில் வாழைப்பழமே இருக்காது.

முஸ்பிறா வேலை தேடத் தொடங்கினாள். இந்தக் காலத்தில் வேலை தேடுவதென்றால் வீட்டில் இருந்தபடியே தேடலாம். கொழும்பில் ஆள் எடுத்துக் கொடுக்கிற கம்பெனிகள் இருக்கின்றன. படிப்பையும் அனுபவத்தையும், நம்மைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி, சீவி என்று சொல்கிற அந்தத் தாளை ஈமெயிலில் போட்டால் அவர்கள் பார்த்துக் கூப்பிடுவார்கள். முஸ்பிறா போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று உடனே ஒரு பதில் வரும். அது மெசின் அனுப்புகிற பதில். முதல் முறை அதைப் பார்த்துவிட்டு உம்மாவைக் கட்டிப் பிடித்தாள். பிறகு பிறகு அதைத் திறந்தும் பார்ப்பதில்லை.

சில இடங்களில் இருந்து மனிதர்களும் போன் எடுத்தார்கள். கொச்சைத் தமிழில், இல்லாவிட்டால் இங்கிலீசில், கேள்வி கேட்டார்கள். முஸ்பிறாவுக்கா பேசத் தெரியாது? எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். கடைசியில், "உங்களைப் பற்றி ஒருவர் இருவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அதோடு சரி. கிணற்றில் கல்லைப் போட்டாலும் ஒரு சத்தம் வரும். இவர்களிடம் இருந்து அதுவும் வராது. முஸ்பிறா திருப்பி எடுத்தால் மேடம் மீட்டிங்கில் இருப்பா, சேர் வெளியே போயிருப்பார்.

"ராத்தா, நீங்க கூடக் கதைச்சிருப்பீங்க. பயந்திட்டாங்க" என்பாள் அப்ரா.

"உண்ட வாயப் பொத்திட்டுப் படி."

"நான் பொத்துவன். நீங்கதான் பொத்தோணும்."

சிரித்தாலும் முஸ்பிறாவுக்கு அது மனதில் தைத்தது. தன்னுடைய வாய்தான் தனக்குப் பகையோ என்று முதன்முதலாக யோசித்தாள்.

கொழும்பில் இருந்து பதில் வராத நாட்களில் வேறொரு போன் மட்டும் தவறாமல் அடித்தது. கல்முனையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற பளீல். அவருக்கு ஒரு தரம் எடுத்தால் முதல் மணியிலேயே "ஓம் தங்கச்சி" என்பார். எடுக்காவிட்டால் தானே எடுப்பார். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அவ்வளவு கிராக்கி. பட்டம் எடுத்த பெண்ணுக்கு ஒரு பதில் சொல்ல ஆள் இல்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்வது.

உம்மா குவைத்துக்குப் போவதாக முடிவெடுத்துப் பாஸ்போட்டைப் பளீலிடம் கொடுத்துவிட்டா. முஸ்பிறாவிடம் சொன்னது கொடுத்த பிறகுதான்.

சுபைறா முன்பும் ஒரு தரம் போனவ. முஸ்பிறாவுக்கு அப்போது பால்பல் விழாத வயது. சாச்சி வீட்டில் விட்டுவிட்டுச் சவூதிக்குப் போனா. திரும்பி வந்து வான் கதவைத் திறந்து இறங்கிய அன்றைக்கு, முஸ்பிறா சாச்சியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இந்த மாமி ஆரு?" என்று கேட்டாள். சுபைறா அதை ஒருவரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. முஸ்பிறாதான் மறக்கவில்லை. அன்றைக்கு உம்மா பெட்டியைக்கூட இறக்காமல் வானுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டா. அந்தக் குந்தல் இன்றைக்கும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

"நீங்க போகத் தேவல்ல உம்மா. எனக்கு வேலை வரும்."

"வரட்டும் மகள். வந்தாப் போகமாட்டன்."

"வரும் எண்டு சொல்லுறன்."

"வந்தா எண்டு நானும் சொல்லுறன்."

இரண்டு பேரும் ஒரே பிடிவாதம். மகள் எங்கே இருந்து எடுத்தாள் என்று தேட வேண்டியதில்லை.

இப்படி இருக்கும்போது உழவு மெசினும் தண்ணீர் பம்பும் விற்கிற ஒரு கம்பெனி கல்முனையில் புதிதாகக் கிளை திறக்க இருந்தது. மெசின் பழுதானால் விவசாயிகள் எடுக்கிற போனுக்குப் பதில் சொல்லி, மெசின் திருத்துகிற பாஸ்காரரை வயலுக்கு அனுப்பி வைக்க ஓர் ஆள் தேவை. அதற்கு ஆள் பொறுக்கிய கொழும்புக் கம்பெனியில் இருந்து முஸ்பிறாவுக்குப் போன் எடுத்தவ தினேஷா என்று ஒரு பெண். நல்ல தெளிவான தமிழ்.

"ஒரு விவசாயி கோவத்தோட எடுத்து ஏசினா என்ன செய்வீங்க?" என்று தினேஷா கேட்டா.

"ஏசி முடிய விடுவன் மிஸ். ஏசி முடிஞ்சா ஆளுக்கு இளைக்கும். மறுகா மெசினுக்கு என்ன பழுதெண்டு கேப்பன்."

"உங்களுக்குக் கோவம் வராதா?"

"வரும். ஆனா எங்கட வாப்பாக்காக நான் எத்தின பேரப் போன்ல ஏசியிரிப்பன். ஏசுறவன்ட பயிர் காயுது எண்டு எனக்குத் தெரியும்."

தினேஷா சிரித்தா. அந்தச் சிரிப்பிலேயே முஸ்பிறாவுக்கு அரைவாசி வேலை கிடைத்த மாதிரி இருந்தது. கடைசியில் அந்த வழக்கமான வசனம் வந்தது: "உங்களைப் பற்றிக் கேட்டிட்டுச் சொல்லுறம்."

பிறகு அதே மௌனம்.

கொழும்பில் உம்மாவுக்கு மெடிக்கல் எடுக்க நாள் குறித்துப் பளீல் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை இரவு பஸ். வியாழன் காலையில் உம்மா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தா. முஸ்பிறா போனை எடுத்துத் தினேஷாவுக்கு ஒரு மெசேஜ் எழுதினாள். கெஞ்சவில்லை. "மிஸ், இல்லை என்றாலும் சொல்லுங்கள். இல்லை என்று தெரிந்தால் நான் அடுத்ததைப் பார்ப்பேன். தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்" என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு இடியப்பத் தட்டுகளைக் கழுவப் போனாள்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னம் போன் அடித்தது.

"முஸ்பிறா, தினேஷா கதைக்கிறன். முதல்ல இதச் சொல்லிப்போடுறன். உங்களை எடுக்கிறல்ல எண்டுதான் முடிவு."

முஸ்பிறா ஈரக்கையோடு கிணற்றுக் கட்டில் சாய்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள்.

"என்ன, சந்தோசமா?"

"சந்தோசம் இல்ல மிஸ். ஆனா இவ்வளவு நாளைக்கும் ஒரு மனிசர் எடுத்து எனக்குச் சொன்ன முதல் பதில் இது. உங்களுக்கு நல்லது கிடைக்கோணும்."

தினேஷா தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இதச் சொல்லக்கூடா, ஒபிஸ் சட்டம். ஆனா விளங்காத ஒண்டக் கட்டி வைக்கவும் எனக்கு ஏலாமக் கிடக்கு. உங்களுக்கு உண்மையா வேலைக்குப் போற எண்ணம் இருக்கா?" என்று கேட்டா.

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க?"

"நீங்க பேர் குடுத்த கம்பஸ் ஆசிரியர் வெளிநாட்டில, போன் போகல்ல. மற்றவர் கலந்தர் எண்டவர். அவரோட எங்கட ஒபிஸ்ல வேற ஒரு பிள்ளை கதைச்சிருக்கா, கொழும்புப் பிள்ளை, தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான். அவர் சொன்னத எழுதி வெச்சிருக்கா. வாசிக்கிறன் கேளுங்க. 'மிகவும் அமைதியான பிள்ளை. அடுத்த வளவுக்குக்கூட அவளுடைய குரல் கேட்காது.'"

"என்ன!" என்றாள் முஸ்பிறா. அடுத்த வளவில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின.

"இது கொழும்புக்கே போன் இல்லாமக் கேட்டிருக்கும். இன்னும் இருக்கு. 'வெளியில் போய் வருகிற பழக்கம் இல்லை. கோபமே வராது. படித்திருக்கிறாள், ஆனால் வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை, அதற்கு நான் பொறுப்பு. நெய்ச்சோறும் கோழி ஆணமும் ஆக்கினால் ஊரே சாப்பிடும். கல்வீடு, பெரிய வளவு, அதில் ஒரு வழக்கும்...'"

தினேஷா அந்த இடத்தில் நிறுத்தினா. மறுபக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு வெடித்த சிரிப்பு.

"ஐயோ முஸ்பிறா! நான் உங்களுக்குப் பக்கத்து ஊர், பெரியநீலாவணை. எங்கட பெரியம்மாட்ட ஆரும் ஒரு பிள்ளையப் பற்றி விசாரிச்சா இதே பாட்டுத்தான் படிப்பா. அவர் உங்களக் கலியாணத்துக்கெல்லோ குடுத்திருக்கார்!"

முஸ்பிறாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கணக்குப் பார்த்தாள். இதுவரைக்கும் எத்தனை கம்பெனி அந்த மனிதரிடம் கேட்டிருக்கும்? எத்தனை பேரிடம் அவர் நெய்ச்சோறு பரிமாறியிருப்பார்?

"பட்டியல் இன்னும் கம்பெனிக்குப் போகல்ல. பின்னேரம் போகுது. அதுக்குள்ள அவர் என்னோட ஒருக்கா நேரா கதைச்சா நல்லம்" என்றா தினேஷா. "கோவிக்காதீங்க அவர. விளங்குதா?"

முஸ்பிறா கோவிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையில் சோல் துணியைப் போட்டுக்கொண்டு சந்திக்கு நடந்தாள்.

கலந்தர் ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் நம்பிக்கையாளராக இருந்தவர். பொய் சொல்லாத வாய் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பகுதியில் வங்கிக் கடனுக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, எதற்கென்றாலும் அவர் பெயரைக் கொடுப்பார்கள். அவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கிற வழக்கம் இல்லை. முஸ்பிறாவும் கேட்காமல்தான் கொடுத்தாள். அது அவளுடைய பிழை. ஆனால் அவரிடம் வருகிற விசாரிப்பில் முக்கால்வாசி கலியாண விசாரிப்பு. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் வாழ்கிற ஊரல்லவா, வீடு எப்படி, வளவு எப்படி, பெண் எப்படி என்று தோண்டித்தான் கேட்பார்கள். நேரே கேட்கவும் மாட்டார்கள். தூரத்து ஆளை வைத்துச் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். விசாரிப்பு வந்ததைப் பெண் வீட்டுக்குச் சொல்வதும் கிடையாது. சரிவராமல் போனால் அந்த வீட்டார் மனம் உடைந்துபோவார்கள் என்று விசாரிக்கப்பட்டவர் அதை வாய்க்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அது நல்ல வழக்கம். இன்றைக்கும் நல்ல வழக்கம்தான்.

கடை வாசல் கதிரையில் இருந்த ஹாஜியார் அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாங்க மகள், வாங்க. இரிங்க. தேத்தண்ணி சொல்லட்டா?"

"தேத்தண்ணி வேணாம் மாமா. கொழும்பில இரிந்து என்னப் பத்தி ஆரும் கேட்டதா?"

அவர் முகத்தில் கள்ளச் சிரிப்பு ஒன்று ஓடியது. மேசையில் கிடந்த பைப் துண்டு ஒன்றை எடுத்து அங்கும் இங்கும் உருட்டினார்.

"அதெல்லாம் நீங்க கேக்கப்படாது. நான் சொல்லவும்படாது. ஆனா ஒண்டு சொல்லுவன், உங்கட நஸீபு நல்லா இரிக்கி. கனபேர் கேக்கிறாங்க. எல்லாம் கொழும்பில பெரிய பெரிய இடம்."

"எப்பிடிப் பெரிய இடம் எண்டு தெரியும்?"

"நேத்து முந்தநாள் ஒரு பிள்ள கேட்டிச்சு. உங்கட ஆக்கள் எப்பிடி எண்டன். எங்களிட்ட முன்னூறு பேர் வேலை செய்றாங்க எண்டிச்சு. முன்னூறு பேருக்குச் சம்பளம் குடுக்கிற வீடெண்டா சும்மாவா? எங்கட இடத்துக்கு எடுக்க யோசிக்கிறம், நல்லாப் பழகுவாவா எண்டு எவ்வளவு மரியாதையாக் கேட்டிச்சு தெரியுமா?"

"மாமா, அது கம்பெனி. வேலைக்குக் கேட்டது."

பைப் துண்டு உருளாமல் நின்றது.

"வேலைக்கா?"

"எல்லாமே வேலைக்கு. ஒண்டும் கலியாணம் இல்ல. எனக்கு வேலைக்குப் போற எண்ணமே இல்ல எண்டு சொன்னீங்களாம். நீங்க பொறுப்பாம்."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் கதிரைக்குள் சுருங்கிப்போனார். அவரைத் திட்டுவதற்கென்று வரும் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த வசனங்கள் முஸ்பிறாவின் நாக்கில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. மருதமுனை கண்ட அதிசயம் அதுதான்.

"ஆதம்பாவாட மையத்தக் குழிக்குள்ள இறக்கினது இந்தக் கை" என்றார் அவர் மெதுவாக. "பிள்ளையளுக்கு ஒரு நல்லது செய்யோணும் எண்டு இரிந்த. அதான் கேட்ட ஆக்களிட்ட உங்களக் கொஞ்சம் குறைச்சிச் சொன்ன."

"குறைச்சா?"

"ஓம், சத்தத்தக் குறைச்சி. வட்டவிதானைய றோட்டில மறிச்ச பிள்ளை எண்டு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல ஏலுமா? எண்ட வாயால பொய் வந்ததே அதுதான். அதுவும் உங்களுக்கு வினையாப் போச்சே மகள்."

முஸ்பிறாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. தன்னை மறந்த ஊர் என்று நினைத்திருந்தாள். இங்கே ஒரு மனிதர் மாதக்கணக்காக அவளுக்காகத் துஆக் கேட்டுக்கொண்டு, கேட்ட நல்ல செய்தியை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"உம்மா ராவைக்குப் பஸ் ஏறப் போறா மாமா. குவைத்துக்கு மெடிக்கல்."

"சுபைறாவா? இந்தக் காலோடயா?" ஹாஜியார் நிமிர்ந்தார். தொப்பியைத் தலையில் போட்டார். "அந்த நம்பர எடுங்க."

தினேஷா எடுத்ததும் ஹாஜியார் ஸலாம் சொல்லி, பிறகு அவ முஸ்லிம் பிள்ளை இல்லை என்று முஸ்பிறா சைகை காட்ட, "நல்லா இரிங்க மகள்" என்று சேர்த்துக்கொண்டார்.

"மகள், நான் முந்திச் சொன்னதெல்லாத்தையும் வெட்டுங்க. இப்ப சொல்லுறத எழுதுங்க. இந்தப் பிள்ளட வாய் பெரிய வாய். இவள் ஒரு விசயத்தப் பிடிச்சா விடமாட்டாள். இவள்ட வாப்பாட வயலுக்குத் தண்ணி வரல்ல எண்டு வட்டவிதானைய மோட்டச் சைக்கிளோட மறிச்சவள். வெட்டு மெசின்காரனெல்லாம் இவள்ட நம்பரக் கண்டா ஓடிப் போய் வேலைய முடிச்சிட்டுத்தான் போன எடுப்பானுகள். எண்ட கடையில வாங்கின பைப் வெடிச்சிப் போச்செண்டு, மாத்தித் தரும்வரைக்கும் இந்தா, இந்த வாசல்லயே இருந்தவள். கோவம் வரும். நல்லா வரும். ஆனா ஒருத்தருக்கும் அநியாயம் செய்யமாட்டாள். ஒரு சதம் பொய் சொல்லமாட்டாள்."

"நெய்ச்சோறு?" என்று கேட்டா தினேஷா.

ஹாஜியார் முஸ்பிறாவை ஒரு பார்வை பார்த்தார். "அதுவும் பொய் மகள். சோறு கரிக்கும்."

"காணும் ஹாஜியார். இதான் எனக்கு வேண்டியது" என்றா தினேஷா. "முஸ்பிறா, பேரை அனுப்புறன். வேலை எண்டு என்னால சொல்ல ஏலா. ஆனா எது எண்டாலும், ஓமோ இல்லையோ, நானே எடுத்துச் சொல்லுவன்."

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் ஆதம்பாவாவின் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டா. அப்ரா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சுபைறா, இண்டைக்குப் பஸ் ஏறாத."

"ஓம் எண்டு அவங்க சொல்லல்லயே காக்கா."

"இல்லை எண்டும் சொல்லல்லயே. எண்ட பிழையால வந்தது. எனக்காக ஒரு கிழமை பொறு."

மகள் எவ்வளவு கேட்டும் அசையாத சுபைறா அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. பையில் இருந்த துணிகளைத் திரும்ப எடுத்து அலுமாரியில் வைத்தா. ஆனால் பையைச் சுருட்டி வைக்கவில்லை. அது சுவரோரம் வாயைத் திறந்தபடி கிடந்தது. முஸ்பிறா அதைப் பார்க்காமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

தினேஷா சொன்ன சொல் தவறவில்லை. கம்பெனிக்காரர்கள் கல்முனைக்கு வருகிற நாளைச் சொன்னதும் அவதான். அன்றைக்கு அவர்கள் முஸ்பிறாவிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கையில் ஒரு போனைக் கொடுத்து, தண்ணீர் பம்ப் பழுதாகித் தினமும் ஏசிக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் நம்பரைக் கொடுத்தார்கள். அவர் ஏசினார். முஸ்பிறா அவரை ஏசி முடிய விட்டாள். கடைசியில் அந்த மனிதர், "நீங்க ஆரு மகள்? ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். ஆதம்பாவாவின் பிள்ளை என்றதும், "அந்த வட்டவிதானைய மறிச்ச பிள்ளையா?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கம்பெனிப் பெரியவர் என்ன வட்டவிதானை என்று சிங்களத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு, மொழிபெயர்ப்பு முடிவதற்குள் சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்த செய்தியையும் தினேஷாவே எடுத்துச் சொன்னா. முஸ்பிறா போனை உம்மாவின் காதில் வைத்தாள். உம்மா கேட்டுவிட்டு, "நீங்க ஆர் பெத்த பிள்ளையோ, உங்கட தாய்க்கு ஒரு குறையும் வரப்படாது" என்றா. பிறகு பளீலுக்குப் போன் எடுத்துப் பாஸ்போட்டைக் கொண்டு வரச் சொன்னா. அவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, "பிள்ளைக்குத் தொழில் கிடைச்சா அதான் நல்லம் தங்கச்சி" என்று தானே கொண்டுவந்து கொடுத்தார். உம்மா அதை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்தா. அந்தப் பையைத்தான் பிறகு இடியப்பத் தட்டு கொண்டுபோக எடுத்தா.

கிறிஸ்து பிறந்த நத்தார் பெருநாளுக்குத் தினேஷா பெரியநீலாவணைக்கு வந்தபோது சுபைறா வட்டிலப்பம் செய்து, முஸ்பிறாவோடு போய்க் கொடுத்தா. நேரில் பார்த்தால் தினேஷா சின்னப் பிள்ளை, முஸ்பிறாவைவிட ஒன்றிரண்டு வயது கூடவோ என்னவோ.

"நான் என்ன செஞ்சன் மாமி? ஒரு போன் எடுத்தன். அவ்வளவுதானே."

"அவ்வளவத்தான் ஒருத்தரும் செய்யல்லயே மகள்" என்றா சுபைறா. தினேஷா கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தா. பிறகு, "எங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தின சீவி வரும் தெரியுமா" என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, "இனி நான் எல்லாருக்கும் சொல்லிப் பாக்கிறன்" என்றா.

சந்தியில் கலந்தர் ஹாஜியார் இப்போதும் கதிரையில் இருக்கிறார். தெரியாத நம்பரில் இருந்து யாரும் ஒரு பெண் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "கலியாணத்துக்கா, தொழிலுக்கா? அதச் சொல்லுங்க முதல்ல. நான் அதுக்கேத்த மாதிரித்தான் சொல்லோணும்" என்கிறார். முஸ்பிறாவுக்கும் இப்போது உண்மையாகவே ஒன்றிரண்டு விசாரிப்பு வந்திருக்கிறதாம். என்ன சொன்னார் என்று அவர் வாய் திறக்கவில்லை. வழக்கம் வழக்கம்தான்.

கல்முனைக் கிளையில் முஸ்பிறா ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். பாகம் வரவில்லை, பாஸ்காரர் இன்றைக்கு வர முடியாது என்றாலும் அவளே போன் எடுத்து அதைச் சொல்வாள். போன கிழமை சொறிக்கல்முனையில் இருந்த யாகோப்பு என்கிற வயதான விவசாயிக்கு அப்படி எடுத்தாள்.

"உங்கட பம்ப்புக்கு வேண்டிய சாமான் இன்னும் வரல்ல ஐயா. திங்கள் பார்ப்பம்."

"இல்லை எண்டு சொல்லவா தங்கச்சி எடுத்தீங்க?"

"ஓம் ஐயா. அதச் சொல்லத்தான் எடுத்தன்."

"அப்ப சரி. நான் திங்கள் வரைக்கும் பக்கத்து வயல்ல இரவல் பம்ப் கேட்டுப் பார்க்கிறன்" என்றார் யாகோப்பு, ஒரு சொல்லும் ஏசாமல். முஸ்பிறா போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரை எடுத்தாள். அவளுடைய குரல் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டது.